ஓ.டி. டீச்சர்

வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று வங்கியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதனால் டீச்சரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் அடையாளம் தெரியாது. மயிலாப்பூரில் எங்கள் கிளையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. ப்யூனிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் ஓ.டி. டீச்சர்.

சாந்தோம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் சிலுவை வைத்த மெல்லிய சங்கிலி, அதற்கு மேல் விசில் கட்டிய கறுப்புக் கயிறு. சம்பள நாளில் கவுன்ட்டர் முன்னால் ஆளுக்கு ஆள் முண்டினால் விசிலை எடுத்து ஊதிவிடுவார். ஓய்வுபெற்ற கோர்ட் அதிகாரி ஒருவர் அந்தச் சத்தத்தில் டோக்கனைக் கீழே போட்டுவிட்டு அட்டென்ஷனில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வரவில்லை. நான் லெட்ஜர் கிளார்க். என் ஜன்னலுக்கு வந்ததும் டீச்சர் பாஸ்புக்கை உள்ளே தள்ளுவார்.

"இன்னா சார், இன்னிக்கு எவ்ளோ ஆழத்துல நிக்கிறேன்?"

"ஒன்பதாயிரத்து நானூறு, டீச்சர்."

"இடுப்பளவு. பரவாயில்ல. ஒரு ஐந்நூறு குடுங்க."

அவ்வளவும் கடன். பன்னிரண்டாயிரத்தைத் தாண்டினால் மார்பளவு என்பார், இருபதாயிரம் என்றால் கழுத்தளவு. அவர் கணக்கில் பணம் இருந்து எடுத்ததாக எனக்கு நினைவே இல்லை.

அதே வங்கியில் அவர் பெயரில் அறுபதாயிரம் ரூபாய் டெபாசிட் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அந்த ரசீதை எங்களிடமே அடகு வைத்து, அதன்மேல் ஓவர்டிராஃப்ட் வாங்கியிருந்தார். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் டெபாசிட்டில் முக்கால் பங்கு வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டினால் போதும். இதற்குத்தான் சுருக்கமாக ஓ.டி. என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மாணவிகளைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு வெளியூர் போனால் அதற்கும் ஓ.டி. என்றுதான் பெயராம். "ஸ்கூல்லயும் ஓ.டி., பேங்க்லயும் ஓ.டி. சும்மா கீறது சர்ச்சுல மட்டுந்தான்" என்பார்.

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். நல்ல மனிதர். கணக்கில் புலி. டீச்சரின் லெட்ஜரைப் பார்த்துவிட்டு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காகிதத்தில் எழுதியே காட்டினார்.

"உங்க அறுபதாயிரத்துக்கு நாங்க வட்டி தரோம். அதையே அடகு வச்சு நீங்க வாங்கற கடனுக்கு அதைவிட ரெண்டு பர்சென்ட் கூடுதலா வட்டி கட்டறீங்க. அதாவது உங்க பணத்தை நீங்களே வட்டிக்கு வாங்கறீங்க. புரியுதா டீச்சர்?"

"நல்லாப் புரியுது சார். அந்த ரெண்டு பர்சென்ட் வாட்ச்மேன் சம்பளம்."

"எந்த வாட்ச்மேன்?"

"நீங்கதான்."

மேனேஜர் அன்று மதியம் சாப்பிடவில்லை என்று ப்யூன் சொன்னான்.

காரணத்தை டீச்சர் எனக்கு ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் சொன்னார். பாலவாக்கத்தில் அவருடைய அம்மா வழியில் கொஞ்சம் மணல் நிலம் இருந்தது. அங்கே மனிதர்கள் வீடு கட்டுவார்கள் என்று யாரும் நினைக்காத காலத்தில் அதை விற்றார்கள். அவர் பங்கு இரண்டு தவணையாக வந்தது. முதல் தவணை இருபத்தைந்தாயிரத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டார். நாற்பது நாள் இருந்தது. தம்பியின் ஆட்டோவுக்கு இன்ஜின், சக டீச்சர் ஒருத்திக்கு அடகு வைத்த கம்மலை மீட்க, பக்கத்து வீட்டுக்காரருக்கு மகளின் கல்யாணப் பந்தல், பள்ளிக்கு இரண்டு வாலிபால் நெட், பர்ஸ் தொலைந்துவிட்டதாக பஸ்ஸில் அழுத ஒரு ஆளுக்கு நூறு ரூபாய்.

"யாரும் திருப்பித் தரலையா?"

"நான் கேட்டாத்தானே சார் தருவாங்க? என் காசுன்னா எனக்கு இல்லன்னு சொல்லவும் வாய் வராது, குட்த்ததைக் கேக்கவும் வாய் வராது. பேங்க் காசுன்னா ரெண்டும் வரும்."

இரண்டாவது தவணை வந்ததும் நேராக டெபாசிட். அதன்மேல் ஓ.டி. அதன் பிறகு யாராவது கடன் கேட்டால் பாஸ்புக்கைப் பிரித்துக் காட்டுவார். பையில் எப்போதும் இருக்கும். ஞானஸ்நான விருந்துக்குக்கூட எடுத்துக்கொண்டு போவார். "பார்த்துக்க, நானே பேங்குக்குத் தரணும்." அதையும் மீறி மனசு கேட்காமல் யாருக்காவது எடுத்துக் கொடுத்தால், ஐந்தாம் தேதி அவர்கள் வீட்டு வாசலில் நிற்பார். "அது பேங்க் காசும்மா. தினம் வட்டி ஏறிக்கினு கீது." ஒரு வீட்டில் இரண்டு மாதம் இழுத்தடித்தபோது தெருவில் நின்று விசில் ஊதினாராம். மூன்றாம் மாதப் பணம் ஒரு வாரம் முன்கூட்டியே வந்துவிட்டது.

இதில் ஒரு சங்கடம் நேர்ந்தது. கணக்கில் கடன் நிற்கிறது என்பதைக் காட்ட, தொகைக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'டிஆர்' என்று இரண்டு எழுத்துப் போடுவோம். டாக்டர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் அதே இரண்டு எழுத்து.

டீச்சரின் தம்பிக்கு அப்போது நாற்பது வயது. லஸ் முனையில் ஆட்டோ ஓட்டினார். காக்கிச் சட்டையும் வாய் நிறைய சிரிப்புமாக இருப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவான குரலில் கேட்டார்.

"சார், எங்க அக்காவுக்கு இன்னா வியாதி?"

"வியாதியா?"

"மறைக்காதீங்க சார். அக்கா புக்கை எட்த்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் டாக்டர், டாக்டர், டாக்டர்னு போட்டுக்கீது. ஒவ்வொரு தபாவும் ஆயிரக்கணக்குல."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, விதி என்னவோ அதைச் சொன்னேன். "வாடிக்கையாளர் விஷயத்தை நாங்க வெளியில சொல்லக்கூடாதுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "சொல்லவே கூடாத அளவுக்குப் பெரிய வியாதியா சார்?" என்று கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மாதத்துக்குள் டீச்சர் ஒரு சுற்று பெருத்துவிட்டார். வீட்டில் தினமும் ஆரஞ்சுப் பழமாம், ஹார்லிக்ஸாம். தம்பி மனைவி மாதா கோவிலில் ஒன்பது நாள் மெழுகுவர்த்தி ஏற்றினாளாம்.

"நீங்க சொல்லிடக் கூடாதா டீச்சர்?"

"சொல்லத்தான் போனேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, மூணு மாசமா ஒருத்தன் கடன் கேக்கல சார். ஆரஞ்சு வேற."

விஷயம் பங்குச் சாமியாரின் காதுக்கும் போய்விட்டது. நோயாளிக்குப் பூசும் எண்ணெயுடன் அவர் டீச்சரைத் தேடிப் பள்ளிக்கே வந்தார். அப்போது டீச்சர் எட்டாம் வகுப்புப் பெண்களோடு மைதானத்தை நாலாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தார். அன்று மாலையே போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் முழு உண்மையையும் சொல்லிவிட்டார். அங்கே கேட்டதைச் சாமியாரும் வெளியே சொல்ல முடியாது. ஆக, ஊரில் உண்மை தெரிந்தவர்கள் அவரும் நானும் இரண்டே பேர். இரண்டு பேர் வாயும் கட்டிக்கிடந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் மேனேஜர் ஒரு நல்ல காரியம் செய்தார்.

டெபாசிட்டின் தவணை முடிந்தது. அந்த வாரம் டீச்சர் பந்தய அணியோடு திருநெல்வேலிக்குப் போயிருந்தார். அடகு வைத்த ரசீதின் பின்பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருப்போம். மேனேஜர் அதைக் கொண்டு கடனை அடைத்து, ஓ.டி. கணக்கை மூடி, மிச்சம் நாற்பத்தாறாயிரத்துச் சொச்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்துவிட்டார். "இனிமே அந்த அம்மா ஒரு பைசா வட்டி கட்ட வேண்டாம்" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஊரிலிருந்து திரும்பிய டீச்சர் பாஸ்புக்கை நிரப்பி வாங்கிப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் இது? இப்படி அம்போன்னு கரையில வுட்டுட்டீங்களே!"

"உங்க பணம்தானே டீச்சர்?"

"அதான் சார் பயமாக் கீது."

மறுநாள் மேனேஜரைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனார். அதற்குள் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வந்த தம்பி, மேஜைமேல் இருந்த பாஸ்புக்கைப் புரட்டிவிட்டார்.

"யக்கா! டாக்டர் போய்ட்டாரே! சரியாப் போச்சா உனக்கு?" என்று கட்டிக்கொண்டு அழுதாராம். அழுது முடித்ததும் நாற்பத்தாறாயிரம் கண்ணில் பட்டது.

தம்பி கெட்டவர் இல்லை. அப்போது தேனாம்பேட்டையில் ஒரு பைனான்ஸ் கம்பெனி இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., உள்ளே போனதும் ஆளுக்கொரு ரோஸ்மில்க். எங்கள் வங்கி ஒரு வருஷத்தில் தரும் வட்டியை அவர்கள் ஐந்து மாதத்தில் தந்தார்கள். தம்பி ஆட்டோ மாற்றுவதற்குச் சேர்த்த பதினெட்டாயிரத்தை அங்கே போட்டிருந்தார். அக்காவின் பணத்தையும் அக்கா பெயரிலேயே அங்கே போட்டால் அவள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது அவர் கணக்கு. காலையில் பத்து மணிக்கு அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

டீச்சர் பணம் எடுக்கும் தாளைப் பூர்த்தி செய்து என்னிடம் கொடுத்தார். மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட்டேன். அவர் கையெழுத்தின் கடைசி எழுத்துக்கு நீளமாக ஒரு வால் உண்டு. தாளில் வாலைக் காணோம்.

"கையெழுத்து சேரலையே டீச்சர்."

"அப்படியா?" இன்னொரு தாளில் போட்டார். இந்தத் தடவை வால் இருந்தது, இனிஷியல் இல்லை. மூன்றாவது தாளில் தமிழில் போட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். தம்பி பின்னால் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயால் இல்லையென்று சொல்ல முடியாதவரின் பார்வை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மன்னிக்கணும் டீச்சர். மூணு தடவை மாறிப்போனா அன்னிக்குப் பணம் தரக்கூடாது. ரூல்." அப்படி ஒரு விதி எந்த வங்கியிலும் கிடையாது.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், இத்தனி வருசமா வந்துக்கினு கீறாங்க, மூஞ்சி தெரியாதா?"

"மூஞ்சி தெரியும். கையெழுத்துதான் தெரியலை."

"யக்கா, ஒழுங்காப் போடேன்!"

"கை நடுங்குதுடா."

அவர் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "உக்காருக்கா, உக்காரு. இரு, எளநீர் வாங்கியாறேன்" என்று பதறி ஓடினார்.

அவர் வாசலைத் தாண்டியதும் டீச்சர் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். டெபாசிட் தாளும் ஓ.டி. விண்ணப்பமும் வெளியே வந்தன. இரண்டிலும் வாலோடு சேர்த்துக் கச்சிதமான கையெழுத்து. மேனேஜர் குற்ற உணர்ச்சியில் மேஜை மேஜையாகத் தானே தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எங்கள் கிளையில் இருபது நிமிஷத்தில் ஒரு டெபாசிட்டும் அதன்மேல் ஓ.டி.யும் முடிந்தது அன்று ஒருநாள்தான். டீச்சர் அதிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுக்க, பாஸ்புக்கில் நான் அதை எழுதி மை காய்வதற்குள் தம்பி இளநீரோடு வந்துவிட்டார். கடைசி வரியைப் பார்த்தார்.

"திரும்பவும் வந்துடுச்சா யக்கா?"

"வந்துடுச்சுடா" என்று சொல்லிவிட்டு டீச்சர் இளநீரைக் குடித்தார்.

இத்தனை கெட்டிக்காரத்தனமாக அவரைக் காப்பாற்றிய நான் அடுத்த வாரம் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேனாம்பேட்டைக்குப் போய், அதே கம்பெனியில் நான் போட்டிருந்த இருபத்தைந்தாயிரத்தை இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டு வந்தேன். எனக்கு வந்த சம்பள உயர்வு பாக்கி அது. வங்கியில் பத்திரமாக இருப்பதாக என் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். இரட்டிப்பானதும் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன். அன்று இரண்டு ரோஸ்மில்க் குடித்தேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். பாதி நாள் லீவு போட்டுவிட்டுத் தேனாம்பேட்டைக்கு ஓடினேன். கம்பெனியின் ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. அண்ணாசாலையில் பாதி அடைபடும் அளவுக்குக் கூட்டம். முதலில் பெயர் கொடுக்கும் நூறு பேருக்குப் பணம் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட, எல்லோரும் முண்டினார்கள். ஒரு வயதான அம்மாள் கீழே விழப் பார்த்தாள். பாதுகாப்புக்கு வந்த கான்ஸ்டபிள் யாரையும் தடுக்கவில்லை. அவரும் பணம் போட்டிருந்தார்.

அப்போது விசில் சத்தம் கேட்டது.

அவ்வளவு பெரிய கூட்டம் அப்படியே நின்றது. ஷட்டருக்கு முன்னால் ஒரு படிமேல் ஏறி டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குத் தள்ளிக்கினு கீறீங்க? கம்பெனிக்காரன் ஓடியே பூட்டான், இனிமே இன்னா அவசரம்? ரெண்டு வரிசை. லேடீஸ் இந்தப் பக்கம். கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க முன்னாடி. பேரு, ரசீது நம்பர், தொகை. எல்லாம் எழுதி போலீஸ் கமிஷனர் ஆபீஸ்ல குடுப்போம்."

கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நின்றார். டீச்சர் நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆண்கள் வரிசையில் முப்பதாவது ஆளாக நான் நின்றேன். ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

"சார், நீங்க பேங்க் வேலையா வந்தீங்களா?"

"ஆமா டீச்சர்."

என் சட்டைப் பையில் ரசீது நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை பார்த்தார்.

"சரி. வரிசையில நில்லுங்க" என்று சொல்லிவிட்டு என் பெயரை அவரே எழுதிக்கொண்டார். தொகையை மட்டும் கேட்டார்.

வரிசை முடிய மதியம் ஆகிவிட்டது. நடைபாதை ஓரத்தில் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவருக்குப் பக்கத்தில் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அழாதடா. ஓ.டி.ல எட்த்துத் தரேன். ஆட்டோவை ரெடி பண்ணு. ஆனா பேங்க் காசு அது. மாசம் ஐந்நூறு, அஞ்சாம் தேதி."

"இந்த உடம்போட கீற உன்கிட்டப் போய் நான் எப்படிக்கா வாங்குவேன்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "டேய், எனக்கு ஒண்ணும் இல்லடா. அந்த டிஆர் டாக்டர் இல்ல. கடன்னு அர்த்தம். நான் பேங்குக்குத் தரணும்னு அர்த்தம்."

தம்பி தலையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்போ அந்த ஆரஞ்சு?"

"தின்னுட்டேன்."

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சரும் சிரிக்க ஆரம்பித்தார். பதினெட்டாயிரத்தைத் தொலைத்த மனிதன் தேனாம்பேட்டை நடைபாதையில் உட்கார்ந்து அப்படிச் சிரித்ததை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தாம் தேதிகளில் அதன் பிறகு அவர் எங்கள் கிளைக்குத் தவறாமல் வந்து, அக்காவின் கணக்கில் கட்டி, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மூன்று வருஷத்தில் கடைசித் தவணையும் வந்து சேர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஸ்டாப் வரை டீச்சர் என்னோடு நடந்து வந்தார். என் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வரும்போதுதான் கேட்டார்.

"வீட்ல சொல்லிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லை டீச்சர். சமயம் பார்த்து..."

"இன்னிக்கே சொல்லிடுங்க. நாளைக்குச் சொன்னா ஒரு நாள் வட்டி சேரும்."

அன்று சாயந்திரமே சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே எல்லாவற்றையும் கேட்டாள். "எவ்ளோ?" என்றாள். சொன்னேன். "பேங்க்ல உத்யோகம் பாக்கறவா எல்லாருமே இப்படியா, இல்லே நீங்க மட்டுந்தானா?" என்றாள். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாவது நாள், "அந்த டீச்சரை எனக்குக் காட்டுங்கோ" என்றாள்.

சம்பள நாளன்று கிளைக்கு வந்தாள். இருவரும் பெஞ்சில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை. எழுந்து வந்த என் மனைவி தன் பெயரில் மட்டும் ஒரு டெபாசிட் கணக்கு ஆரம்பித்தாள். என் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் அவளே வந்து கட்டினாள். டெபாசிட் லெட்ஜர் எனக்கு அடுத்த மேஜையில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அந்தக் கிளையில் இருந்த வரைக்கும் நான் நீட்டியதில்லை.